மஞ்சள் சட்டையும் கறுப்புக் கொடியும்

வரலாற்றுத் தொடர் – பகுதி 7

2015 ஜூலை 14 அன்று நீதிபதி லோதா குழு அளித்த தீர்ப்போடு சென்ற பகுதி முடிந்தது. சூதாட்ட விவகாரத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ், ராஜஸ்தான் ராயல்ஸ் ஆகிய இரு அணிகளின் உரிமையாளர்களுக்கும் இரண்டு ஆண்டுத் தடை. தண்டனை உரிமையாளர்களுக்குத்தான். ஆனால் கோடை மாலைகளில் இருட்டிக் கிடந்தது சேப்பாக்கம்.

தடைபட்ட இரு அணிகளின் இடத்தில் புனேவுக்கு ஒன்று, குஜராத்துக்கு ஒன்று என இரண்டு தற்காலிக அணிகள் வந்தன. தோனியும் அஸ்வினும் புனேவுக்குப் போனார்கள். ரெய்னா, ஜடேஜா, பிராவோ, மெக்கல்லம் ஆகியோர் குஜராத்துக்குப் போனார்கள். ஆண்டுக்கணக்கில் ஒரே சட்டையில் பார்த்துப் பழகியவர்கள் 2016 ஏப்ரலில் எதிரெதிர் அணிகளில் நின்றார்கள்.

2017 பிப்ரவரியில் புனே அணி தோனியைத் தலைவர் பொறுப்பிலிருந்து நீக்கிவிட்டு ஸ்டீவ் ஸ்மித்தை நியமித்தது. ஐபிஎல் வரலாற்றில் அதுவரை தோனி ஒரு பருவம்கூட இன்னொருவர் தலைமையில் ஆடியதில்லை. மே 21 அன்று ஹைதராபாத்தில் நடந்த இறுதிப் போட்டியில் மும்பையிடம் ஒரே ஒரு ரன்னில் புனே தோற்றது. அத்தோடு அந்த அணியே கலைக்கப்பட்டது.

ஜூலையில் சென்னையின் தடைக்காலம் முடிந்தது. மஞ்சள் சட்டை அணிந்து, முதுகில் ‘தல’ என்ற பெயருடன் நிற்கும் படம் ஒன்றைத் தோனி வெளியிட்டார். அணி திரும்பி வருகிறது என்பதை ரசிகர்களுக்குச் சொல்ல அந்த ஒரு படம் போதுமானதாக இருந்தது.

◆

ஏலத்தில் வந்த உறவு

இந்தப் பற்று எங்கிருந்து வந்தது? 2018இல் நடந்ததைப் புரிந்துகொள்ளப் பத்து ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

2008 ஜனவரி 24 அன்று எட்டு நகரங்களின் அணிகள் விற்கப்பட்டன. சென்னை அணியை இந்தியா சிமென்ட்ஸ் 9.1 கோடி டாலருக்கு வாங்கியது. மும்பைக்குச் சச்சின், கொல்கத்தாவுக்குக் கங்குலி, பெங்களூருக்குத் திராவிட், டெல்லிக்குச் சேவாக், மொகாலிக்கு யுவராஜ் என ஐந்து நகரங்களுக்கு உள்ளூர் நாயகர்கள் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டார்கள். அந்த நாயகருக்கு, அணியின் அடுத்த விலையுயர்ந்த வீரரைவிடப் பதினைந்து சதவீதம் அதிகம் தர வேண்டும் என்பது விதி. சென்னைக்கு அப்படி ஒருவர் இல்லை. அதனால் பிப்ரவரி 20 ஏலத்தில் சென்னையின் கை தாராளமாக இருந்தது. 15 லட்சம் டாலருக்குத் தோனி வந்தார். அன்றைய ஏலத்தில் அதுதான் மிக உயர்ந்த விலை.

ராஞ்சிக்காரர் ஒருவர் இப்படித்தான் சென்னைக்கு வந்தார். அடையாற்றிலோ மயிலாப்பூரிலோ வளர்ந்தவரில்லை. மெரினாவில் டென்னிஸ் பந்தில் ஆடியவருமில்லை.

ஆனால் மற்ற அணிகள் செய்யாத ஒன்றைச் சென்னை செய்தது. தலைவரை மாற்றவில்லை, ரெய்னாவை விடவில்லை, மையத்தில் இருந்த வீரர்களைக் கூடியவரை கலைக்கவில்லை. 2008 முதல் 2015 வரை ஆடிய எட்டுப் பருவங்களிலும் கடைசி நான்கு அணிகளில் சென்னை இருந்தது. 2010இலும் 2011இலும் கோப்பை வென்றது.

அதே காலத்தில் மற்ற ஊர்களில் நடந்ததைப் பாருங்கள். 2009இல் கோப்பை வென்ற டெக்கான் சார்ஜர்ஸ் 2012இல் நீக்கப்பட்டது. கொச்சி அணி ஒரே ஒரு பருவம்தான் ஆடியது. புனே வாரியர்ஸ் மூன்று ஆண்டுகளில் மறைந்தது. அந்த ஊர்களில் சட்டை வாங்கிய ரசிகனுக்கு அடுத்த கோடையில் அதைப் போட்டுக்கொண்டு போக ஒரு மைதானம் இல்லை. ஆண்டுதோறும் அதே முகங்கள் திரும்பி வந்ததால்தான் சென்னையில் பற்று வேர்விட்டது.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டு இளைஞர்கள் நிறைந்த மாநில அணி ரஞ்சிக் கோப்பையில் ஆடும்போது அதே சேப்பாக்கத்தில் பெரும்பாலான இருக்கைகள் காலியாகத்தான் கிடந்தன. அந்த அணி கடைசியாக ரஞ்சிக் கோப்பை வென்றது 1987–88 பருவத்தில். பிறந்த மண் ஒன்றாக இருப்பது மட்டுமே ரசிகனைக் கூட்டி வந்துவிடுவதில்லை என்பதை அந்தக் காலி இருக்கைகள் நெடுநாளாகக் காட்டிக்கொண்டிருந்தன.

◆

நதியின் கெடு

2018 பிப்ரவரி 16. காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டுக்கு நடுவர் மன்றம் ஒதுக்கியிருந்த 192 டிஎம்சி தண்ணீர் 177.25 ஆகக் குறைந்தது. பங்கீட்டைச் செயல்படுத்தும் திட்டத்தை ஆறு வாரங்களில் உருவாக்க மத்திய அரசுக்கு உத்தரவிடப்பட்டது.

மார்ச் 29 அன்று அந்தக் கெடு முடிந்தது. தமிழ்நாடு எதிர்பார்த்த காவிரி மேலாண்மை வாரியம் அமையவில்லை. ‘திட்டம்’ என்று நீதிமன்றம் சொன்னதன் பொருளை விளக்க வேண்டும் என்று மத்திய அரசு திரும்பவும் நீதிமன்றத்துக்கே போனது.

டெல்டாவில் கோபம் கொதித்தது. ஏப்ரல் 3 அன்று ஆளும் அதிமுக உண்ணாவிரதம் இருந்தது. ஏப்ரல் 5 அன்று திமுக தலைமையிலான எதிர்க்கட்சிகள் முழு அடைப்பு நடத்தின. ஏப்ரல் 8 அன்று வள்ளுவர் கோட்டத்தில் திரையுலகத்தினர் திரண்டார்கள். இப்படியொரு வேளையில் சென்னையில் ஐபிஎல் நடப்பது சங்கடமானது என்றும், நடந்தே தீருமென்றால் வீரர்கள் கறுப்புப் பட்டை அணியலாம் என்றும் ரஜினிகாந்த் கருத்துச் சொன்னார்.

சேப்பாக்கத்தில் முதல் போட்டிக்குக் குறித்திருந்த நாள் ஏப்ரல் 10.

போராட்டக்காரர்களின் வாதத்தில் வலுவிருந்தது. தண்ணீரில்லாமல் வயல் காய்வதை வடநாட்டுத் தொலைக்காட்சிகள் காட்டுவதில்லை. ஐபிஎல்லை நாடே பார்க்கிறது. சேப்பாக்கம் காலியாக இருந்தால் ஏன் என்று எல்லோரும் கேட்பார்கள். அவர்கள் கேட்டது ஒரு மாலைப் பொழுதை விட்டுக்கொடுக்கச் சொல்லித்தான்.

ரசிகர்களின் தரப்பிலும் நியாயம் இருந்தது. மூன்று ஆண்டுகள் காத்திருந்து டிக்கெட் வாங்கியவர்கள் அவர்கள். நதிக்கும் கிரிக்கெட்டுக்கும் என்ன பகை என்று அவர்கள் கேட்டார்கள். திரையரங்குகளையும் கடைவீதிகளையும் விட்டுவிட்டுத் தங்களை மட்டும் துரோகிகள்போல் பார்ப்பது ஏன் என்றும் கேட்டார்கள். காவிரித் தண்ணீரைக் குடித்து வளர்ந்த வீட்டுப் பிள்ளைகள் இரு பக்கமும் இருந்தார்கள்.

ஆட்டத்தைத் தள்ளிவைத்திருக்க முடியாதா? அங்கேதான் வணிகத்தின் கணக்கு குறுக்கே வந்தது. அந்தப் பருவத்திலிருந்து ஐந்து ஆண்டு ஒளிபரப்பு உரிமையை ஸ்டார் நிறுவனம் 16,347.5 கோடி ரூபாய்க்கு வாங்கியிருந்தது. ஒரு போட்டிக்கு ஏறத்தாழ 54.5 கோடி. அட்டவணையில் இருக்கும் ஆட்டம் நடந்தே ஆக வேண்டும். எங்கே நடக்கிறது என்பதை மட்டும்தான் மாற்ற முடியும்.

◆

ஏப்ரல் 10, செவ்வாய்க்கிழமை

மதியத்திலிருந்தே அண்ணா சாலை திணறியது. பாரதிராஜா, சீமான், அமீர், வெற்றிமாறன் முதலானோர் போராட்டத்தில் இறங்கினார்கள். வாலாஜா சாலைப் பக்கம் ஊர்வலங்கள் நெருங்க நெருங்க, கைதுகளும் தள்ளுமுள்ளும் கூடின. ஏறத்தாழ நாலாயிரம் போலீசார் காவலுக்கு நின்றார்கள். கறுப்புச் சட்டைக்கும் கொடிகளுக்கும் பதாகைகளுக்கும் மைதானத்தில் அனுமதியில்லை.

மஞ்சள் சட்டையோடு வந்தவர்கள் சிலர் சாலையில் தாக்கப்பட்டார்கள். சட்டையைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு வாயில்வரை நடந்தவர்கள் உண்டு. போலீஸ்காரர் ஒருவரும் அடி வாங்கினார். காவலர் மீது நடந்த தாக்குதலை ரஜினிகாந்த் வெளிப்படையாகக் கண்டித்தார்.

இரவு எட்டு மணிக்கு ஆட்டம் தொடங்கியது.

எதிரணி கொல்கத்தா. அதன் தலைவர் தினேஷ் கார்த்திக், சென்னைப் பையன். அன்று களமிறங்கிய இருபத்திரண்டு பேரில் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் அவர் ஒருவர்தான். சென்னையின் பதினொருவரில் தமிழர் யாருமில்லை. அணிகள் நகரங்களின் பெயரைத் தாங்கினாலும் வீரர்கள் ஏலத்தில் வருகிறவர்கள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய இரவு சேப்பாக்கத்தில் இருந்ததில்லை. அப்படியும் கார்த்திக் ஆட்டமிழந்தபோது கூட்டம் ஆர்ப்பரித்தது. சென்னை என்று முழங்கியது.

கொல்கத்தா இன்னிங்ஸின் எட்டாவது ஓவரில் எல்லைக்கோட்டருகே நின்ற ஜடேஜாவின் பக்கம் பார்வையாளர் பகுதியிலிருந்து செருப்புகள் பறந்து வந்தன. ஆட்டம் சற்று நின்றது. அன்று அணியில் ஆடாத டுபிளெசியும் இங்கிடியும் எல்லைக்கோட்டோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீசியவர்களைப் போலீசார் பிடித்துக்கொண்டு போனார்கள்.

1999 ஜனவரியில் இதே மைதானத்தில் பாகிஸ்தான் டெஸ்ட் போட்டியை வென்றபோது மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று கைதட்டியது. சேப்பாக்கத்து ரசிகர்கள் என்றாலே உலகம் நினைவுகூர்ந்தது அந்தக் கைதட்டலைத்தான். அந்தப் பெயருக்கு அன்றிரவு காயம் பட்டது. வீசியவர்கள் சிலர்தான். ஆனால் காமிரா காட்டியது சேப்பாக்கத்தை.

பிறகு கிரிக்கெட் தன் வேலையைத் தொடர்ந்தது. 89 ரன்னுக்கு ஐந்து விக்கெட் இழந்து தடுமாறிய கொல்கத்தாவை ஆந்த்ரே ரஸல் தூக்கி நிறுத்தினார். 36 பந்தில் 88, அதில் பதினொரு சிக்ஸர். 202 ரன். பதிலுக்குச் சென்னையின் சாம் பில்லிங்ஸ் 23 பந்தில் 56 அடித்தார். கடைசி ஓவரில் 17 ரன் தேவை. வினய் குமார் வீசிய முதல் பந்து நோபால். பிராவோ அதைச் சிக்ஸருக்கு அனுப்பினார். ஒரு பந்து மிச்சமிருக்க, செருப்பு வீச்சுக்கு ஆளான அதே ஜடேஜா வெற்றிச் சிக்ஸரை அடித்தார்.

அந்தப் பருவத்தில் சென்னை அணி சேப்பாக்கத்தில் ஆடிய கடைசிப் பந்து அதுதான்.

◆

வீடு மாறிய அணி

மறுநாளே செய்தி வந்துவிட்டது. மற்ற போட்டிகளுக்கும் பாதுகாப்புத் தருவது கடினம் என்பது காவல்துறையின் நிலை. மீதமிருந்த ஆறு உள்ளூர்ப் போட்டிகளும் சென்னையைவிட்டு வெளியேறுகின்றன. விசாகப்பட்டினம், திருவனந்தபுரம், ராஜ்கோட் ஆகிய ஊர்களும் பேசப்பட்டன. முடிவானது புனே.

சென்னை அணிக்கு இது புதிதல்ல. 2013இல் இலங்கைத் தமிழர் பிரச்சினையின் கொந்தளிப்பில் இலங்கை வீரர்கள் சேப்பாக்கத்தில் ஆடக் கூடாது என்று முடிவானது. அந்த ஆண்டு சென்னையில் நடக்கவிருந்த இரண்டு பிளேஆஃப் ஆட்டங்கள் டெல்லிக்குப் போயின. அனுமதிச் சிக்கலில் பூட்டிக் கிடந்த மூன்று பார்வையாளர் மாடங்களின் விவகாரத்தால் 2014இல் உள்ளூர்ப் போட்டிகள் ராஞ்சிக்கு மாறின. ஒவ்வொரு முறையும் காரணம் வேறு. ஆனால் ஒவ்வொரு முறையும் ரசிகர்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

புனேயில் இன்னொரு நதி காத்திருந்தது. மைதானத்துக்குப் பவனா ஆற்றுத் தண்ணீரை எடுக்கக் கூடாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் அதே ஏப்ரலில் உத்தரவிட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 2016இல், மகாராஷ்டிர வறட்சியைக் காரணம் காட்டி இதே நீதிமன்றம் மே மாதப் போட்டிகளை மாநிலத்தைவிட்டு வெளியேறச் சொல்லியிருந்தது. அப்போது புனே அணியோடு விசாகப்பட்டினத்துக்குப் போனவர் தோனி. தண்ணீரை முன்னிட்டுத் தன் அணி சொந்த மைதானத்தை இழப்பதை இரண்டாம் முறையாக அவர் பார்த்தார்.

◆

விசில் போடு எக்ஸ்பிரஸ்

ஏப்ரல் 19. சென்னை சென்ட்ரல் நிலையத்தில் ஒரு சிறப்பு ரயில் நின்றது.

புனேயில் நடக்கும் முதல் ‘உள்ளூர்’ ஆட்டத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் ரசிகர்கள் ஏறினார்கள். ரசிகர் மன்றத்தினர் எழுப்பிய ஆசைக்கு அணி நிர்வாகம் செவிசாய்த்திருந்தது. ரயில் கட்டணம், ஆட்டத்துக்கான டிக்கெட், சாப்பாடு, தங்கும் இடம், சட்டை எல்லாமே அணியின் செலவு. பெட்டி பெட்டியாக மஞ்சள். ஒன்பது நாள்களுக்கு முன் அண்ணா சாலையில் மறைத்து எடுத்துச் செல்ல வேண்டியிருந்த அதே சட்டையை இப்போது எல்லோரும் அணிந்திருந்தார்கள்.

ஒரு வணிக நிறுவனம் இதை ஏன் செய்தது? விளம்பரம் என்றால் அதில் உண்மை இருக்கிறது. எல்லாத் தொலைக்காட்சிகளும் அந்த ரயிலைக் காட்டின. ஆனால் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் ரயிலில் உட்கார்ந்து போய், ஓர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, அதே தூரம் திரும்பி வரும் மனிதனை விளம்பரம் உண்டாக்கிவிட முடியாது. அவன் ஏற்கெனவே இருந்தான். நிர்வாகம் அவனுக்கு ஒரு ரயில் கொடுத்தது, அவ்வளவுதான்.

ஐபிஎல் தொடங்கியபோது அதை எதிர்த்தவர்கள் சொன்ன முக்கியமான குறை ஒன்றுண்டு. ஏலத்தில் வாங்கிய வீரர்களுக்கு யாரும் நெடுநாள் ரசிகராக இருக்க மாட்டார்கள், பணம் தீர்ந்தால் பாசமும் தீரும் என்றார்கள். சில நகரங்களில் அது பலித்தது. சென்னையில் அணி தடைபட்டது, வீரர்கள் பிரிந்து போனார்கள், மைதானமும் பறிபோனது. ஆனாலும் அந்த ரயில் நிரம்பியது.

மறுநாள் எதிரணி ராஜஸ்தான். சென்னையோடு சேர்ந்து தண்டிக்கப்பட்டு, சேர்ந்தே திரும்பிவந்த அணி. சென்னைக்காக இறங்கிய ஷேன் வாட்சன் 2008இல் ராஜஸ்தான் சட்டையில் தொடர் நாயகனாக இருந்தவர். இறுதிப் போட்டியில் சென்னையைத் தோற்கடித்துக் கோப்பை வென்றவர். அன்று 57 பந்தில் 106 அடித்தார். மஞ்சள் சட்டையில், பழைய அணிக்கு எதிராக. சென்னை 64 ரன்னில் வென்றது. பத்தாண்டுகளுக்கு முன் சென்னையின் கனவைக் கலைத்தவருக்காக ரயிலில் போனவர்கள் விசில் அடித்தார்கள்.

புனேக்காரர்களும் வந்தார்கள். இரண்டு அணிகளை அடுத்தடுத்து இழந்த ஊர் அது. தோனி தலைவர் பதவியை இழந்ததும் அந்த ஊரின் அணியில்தான். இப்போது அதே மைதானத்தில் அவரே தலைவராகத் திரும்பி நின்றார். அவருக்காக மாடங்கள் மஞ்சளாயின. புனேயில் ஆடிய ஆறில் ஐந்தைச் சென்னை வென்றது.

◆

மே 27, வான்கடே

முப்பதைத் தாண்டியவர்கள் நிறைந்த அந்த அணி இறுதிப் போட்டிக்கு வந்தது. ஹைதராபாத் 178 அடித்தது. முதல் ரன் எடுக்கவே பதினொரு பந்துகள் எடுத்துக்கொண்ட வாட்சன், 57 பந்தில் ஆட்டமிழக்காமல் 117 அடித்தார். எட்டு விக்கெட் வித்தியாசத்தில் வெற்றி. மூன்றாவது கோப்பை. மறுநாள் அது தியாகராய நகர் வெங்கடாசலபதி கோயிலுக்குப் போனது.

ஜூன் 1 அன்று காவிரி மேலாண்மை ஆணையம் மத்திய அரசின் அரசிதழில் அறிவிக்கப்பட்டது. ஏப்ரலில் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்ட இரு தரப்பும் அதே வாரத்தில் தாங்கள் விரும்பியதில் ஒரு பகுதியையாவது பெற்றிருந்தார்கள். ஆனால் சேப்பாக்கத்துக்கு மஞ்சள் சட்டை திரும்பியது 2019 மார்ச்சில்தான்.

2018 ஒரு கேள்விக்குப் பதில் சொன்னது: சொந்த ஊரைவிட்டு அணி போனாலும் ரசிகன் பின்னால் போவான். அதைவிடக் கடினமான கேள்வியை அது தொடவில்லை. புனே ரயிலில் போனவர்கள் தேடிப் போனது சென்னை என்ற பெயரையா, தோனி என்ற மனிதரையா? 2018இல் இரண்டும் ஒன்றாகவே இருந்ததால் பிரித்துப் பார்க்கும் தேவை எழவில்லை.

ஐந்து ஆண்டுகள் கழித்து அந்தத் தேவை எழுந்தது. 2023இல் சேப்பாக்கத்தில் சென்னை விக்கெட் ஒன்று விழுந்தால் சென்னை ரசிகர்களே ஆர்ப்பரித்தார்கள், அடுத்து தோனி இறங்குவார் என்பதால். தான் முன்னால் இறங்கினால் தான் அவுட்டாக வேண்டும் என்று கூட்டம் காத்திருக்கும் என ஜடேஜாவே வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆண்டு டிசம்பரில் மும்பை அணி ரோஹித் சர்மாவை நீக்கி ஹர்திக் பாண்டியாவைத் தலைவராக்கியது. 2024 ஏப்ரலில் வான்கடே தன் சொந்த அணியின் தலைவரையே கூச்சலிட்டு எதிர்த்தது.

ஐந்து கோப்பைகளைக் கொண்டாடிய மும்பை ரசிகர்களைத் தங்கள் அணிக்கு எதிராகவே திருப்பியது எது? அந்தக் கூச்சல் ஒரு நாள் சேப்பாக்கத்திலும் கேட்குமா?

(அடுத்த வாரம்: வான்கடேயின் கூச்சல்)